கஞ்சி போகாத துணி

மே 6, செவ்வாய்

எப்சிபா டீச்சர் காலையிலேயே வந்து நாற்பது புத்தகப் பைக்குச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளி திறக்கிறபோதே மழையும் தொடங்கிவிடும். ரப்பர் தோட்டத்து வழியாக நடந்து வருகிற பிள்ளைகளின் நோட்டெல்லாம் வருஷா வருஷம் ஊறிப்போகிறதாம். பிளாஸ்டிக் வேண்டாம், மெழுகு தேய்த்த துணிப்பைதான் வேண்டும் என்றார். "லீலாக்கா, ஒரு சொட்டு வெள்ளம் உள்ள போகக்கூடாது, கேட்டியளா?" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பியூலா முந்திக்கொண்டு, "போகாது டீச்சர்" என்றாள். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாள் என்று தெரியவில்லை.

பியூலா என் தம்பி ஜஸ்டஸின் மனைவி; நான் அவளுக்கு மைனி. அவன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. கருங்கலில் இருக்கிற அவள் அக்கா வா வா என்று கூப்பிட்டபடியே இருக்கிறாள். பியூலா இங்கே என்னோடு இருப்பதற்கு ஒரே காரணம் இந்தப் பைத் தொழில். துணிக்கு மெழுகேற்றுவது நான், தைப்பது அவள். இந்த ஆர்டர் கெட்டால் தொழில் நிற்கும். தொழில் நின்றால் அவள் பெட்டியைத் தூக்குவாள். தூக்கட்டும். எனக்கென்ன, வீடு அமைதியாக இருக்கும்.

தேனீ வளர்க்கிற செல்லையா அண்ணன் தேன்மெழுகு கொண்டுவந்து தந்தார். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கினேன். கொஞ்சம் மெழுகுவர்த்தி, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்துத் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தேன். துணி புதுக்கட்டு. மில்லில் போட்ட கஞ்சி இருந்தால் மெழுகு உள்ளே இறங்காது, மடித்த இடத்தில் வெடிக்கும்; அது போக வெந்நீரில் ஊறப்போட்டு அலசிக் காயவைக்க வேண்டும். ஆனால் மதியத்திலிருந்து கோடை மழை கொட்டுகிறது, ஈரத் துணியில் மெழுகு ஏறாது. தடவிப் பார்த்தேன். இந்தத் துணியில் கஞ்சி அவ்வளவாக இல்லை.

மே 8, வியாழன்

இரண்டு நாளாக மேசையில் துணியை விரித்து, மெழுகுக் கட்டியால் தேய்த்து, மேலே பழைய செய்தித்தாள் போட்டு இஸ்திரிப்பெட்டியை ஓட்டுகிறேன். தோள் கழன்றுவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சேம்பு இலையில் உருளுவதுபோல் உருண்டது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பியூலா வந்து துணியை இரண்டாக மடித்து, நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "மடக்கின இடத்துல வெள்ளையா வரி விழுதே மைனி. கஞ்சி முழுசும் போச்சா?"

"போச்சு, போச்சு" என்றேன். என் வேலையில் அவளுக்கென்ன மூக்கு?

மதியம் அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வெட்டிய துண்டுகளைச் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்தேன். ஓடி வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "பின்னு குத்தாதீங்க மைனி. சாதாத் துணி மாதிரி இது இல்ல, குத்தின ஓட்ட அப்படியே நிக்கும், மூடாது." அவள் துணி காயப்போடுகிற கிளிப்பைப் போட்டுத்தான் தைக்கிறாள். பிரித்துத் தைக்கவும் கூடாதாம், முதல் தையலே சரியாக விழ வேண்டுமாம். தையல்காரியின் அதிகாரம்.

மே 13, செவ்வாய்

பியூலா கொல்லைப்புறத்துப் பலாமரத்தடியில் நின்று போனில் பேசினாள். வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்பாள். எனக்குக் கிடைக்கிறதே? நான் முருங்கைக்கீரை பறிக்கப் போனேன். "அங்கேயே வந்துரலாம்ணுதான் பாக்கேன்" என்று சொல்வது காதில் விழுந்தது. என்னைக் கண்டதும், "சரி வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

"யாரு பிள்ளே?" என்றேன்.

"அக்கா. சும்மாதான்."

சும்மா பேசுகிறவள் முகம் அப்படி இருக்காது. தொழிலைக் கற்றுக்கொண்டாயிற்று, டீச்சரையும் தெரியும், செல்லையா அண்ணனையும் தெரியும். கருங்கலில் போய்த் தனியாகத் தொடங்க இனி என்ன வேண்டும்? கீரை ஆய்கிற வேலையில் குழம்பைக் கவனிக்கவில்லை, அடிப்பிடித்துவிட்டது.

மே 16, வெள்ளி

மாதிரிக்குக் கொடுத்த பையைத் திருப்பிக் கொண்டுவந்தார் டீச்சர். நேற்று மழையில் அவர் மகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், உள்ளே வைத்திருந்த நோட்டின் கீழ்மூலை நனைந்துவிட்டதாம். பையைத் தடவிப் பார்த்தேன். அடி மடிப்பில் ஈரம். மடிப்பு என்றால் துணி, துணி என்றால் நான். ஆனால் மடிப்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளித் தையல் ஓடுகிறது. தையல் வழியாக இறங்கி மடிப்பில் தேங்கியிருக்கலாம் இல்லையா?

டீச்சரிடம் அப்படித்தான் சொன்னேன். பியூலா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பில்லாதவள் பேசுவாள்.

மே 17, சனி

பியூலா மார்த்தாண்டம் சந்தைக்குப் போன நேரத்தில் தைத்து முடித்த பை ஒன்றை எடுத்து ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தை இரண்டு தரம் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அவசரத்தில் ஒரு மடிப்போடு விட்டிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு மடிப்பும் இருந்தது. அந்த ஒரு பையில் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

அதே நிற நூலைப் போட்டு மெஷினில் திரும்பத் தைத்துவிட்டேன். பழைய தையல்மேல் சரியாக ஓடவில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடிற்று. வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான்.

மே 19, திங்கள்

மூன்று பைகளைப் பார்த்தேன். எல்லாம் இரண்டு மடிப்பு.

நான் பார்க்கிற பையை மட்டும் ஒழுங்காகத் தைக்கிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எதைப் பார்ப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புத்தி இப்படியெல்லாம் போகிறது.

மே 20, செவ்வாய்

மெழுகு குறைகிறது. நான் தேய்த்து முடித்து அலமாரியில் வைத்த சிரட்டைக் கட்டிகள் இன்று காலை இளைத்திருந்தன. எலி என்றால் பல் தடம் இருக்கும். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு கட்டியின் விளிம்பிலும் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்தேன்.

மே 21, புதன்

கீறலைக் காணவில்லை. கட்டியின் விளிம்பே இல்லை!

சாப்பிடும்போது பியூலாவின் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மஞ்சளாக மெழுகு. தையல்காரிக்கு மெழுகோடு என்ன வேலை? "கையக் கழுவலியா?" என்றேன். கையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். என்ன, ஏது என்று ஒரு விளக்கமும் இல்லை.

மதியம் அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. இந்தப் புழுக்கத்தில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. கதவருகில் நின்றால் உருகுகிற மெழுகின் வாசனை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் மெழுகை எடுத்து, என் வீட்டிலேயே, அவளுக்கென்று துணி தயாரிக்கிறாள். கருங்கலுக்குப் போகும்போது முதல் நாளே கடை திறக்கலாம். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள்.

"தலை வலிக்குது மைனி, படுத்திருக்கேன்" என்று குரல் வந்தது.

படுத்திருக்கிறவளுக்கு மெழுகெதற்கு?

மே 22, வியாழன்

அவள் குளிக்கப் போனபோது அறையில் தேடினேன். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், ஜஸ்டஸின் சட்டைகளை வைத்திருக்கிற பெட்டியில். துணிக்கட்டு எதுவும் இல்லை. ஜன்னல் படியில் ஒரு மெழுகுக் கட்டியும், தலைமுடி உலர்த்துகிற மெஷினும், தைத்து முடித்த எங்கள் பைகள் நாலைந்தும் கிடந்தன. அக்கா வீட்டுக்கு மாதிரி காட்டக் கொண்டுபோகிறாள் போல.

அந்தச் சட்டைகளை அவள் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். நான் தேடிய பிறகு அதே மாதிரி மடித்து வைக்க எனக்கு வரவில்லை.

மே 24, சனி

டீச்சர் முதல் தவணையாகப் பாதிப் பைகளை எடுத்துப் போனார். மிச்சமிருந்ததில் ஒன்றைப் பியூலா இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் நிரப்பிக் கொடியில் தொங்கவிட்டேன். பக்கத் தையலில் முத்து முத்தாக ஊறி, சொட்ட ஆரம்பித்தது. நான் பிரித்துப் பார்த்த பைகளில் ஒன்றுதான் அது. நல்லவேளை, சரியான பையைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

சொன்னேனே, தையலில்தான் கோளாறு என்று.

இன்னும் சிலதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தைத்து வைத்தேன்.

மே 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வருகையில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். எடுத்துப்போன பைகளில் இரண்டு ஒழுகுகிறதாம். பெண்கள் சங்கத்தினர் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். "மெழுகு என் பொறுப்பு டீச்சர், அதுல குத்தம் இருக்காது. தையல் எனக்க கையில இல்ல" என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே புரிந்துகொண்டு உச்சுக்கொட்டினார்கள்.

பியூலா செருப்பு மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். கேட்டிருக்க மாட்டாள்.

மே 27, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டீச்சர் ஒழுகிய இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில்கூட உட்காரவில்லை. "பிள்ளையளுக்குள்ள காரியம் பாருங்க. என்ன ஏதுண்ணு இப்பச் சொல்லணும்" என்றார். பியூலா ஒரு பையை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தாள். நூல் ஓடுகிற தையல் ஒரு வரிசை. அதற்குப் பக்கத்தில் நூலே இல்லாமல் வெறும் ஊசி ஓட்டைகள் இன்னொரு வரிசை. ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"இதென்ன ரெண்டு வரி?" என்றார் டீச்சர்.

பியூலா என்னைப் பார்த்தாள்.  குத்தின ஓட்டை மூடாது என்று அவள் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்போதுதான் என்று எழுதுகிறேன். அப்படியே இருக்கட்டும்.

"நான்தான் டீச்சர்" என்றாள் பியூலா. "மொதல்ல தையல் கோணலா விழுந்துது. பிரிச்சுத் திரும்பத் தச்சேன். எனக்க தப்பு."

டீச்சர் பெருமூச்சு விட்டார். எல்லாப் பையையும் திருப்பி அனுப்புவதாகவும், பள்ளி திறந்து ஒரு வாரத்துக்குள் ஒழுகாத பை வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் வாசல்வரைக்கும் போய் வழியனுப்பினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றுதான் சொன்னேன்.

உள்ளே வந்தபோது பியூலா பையை மடித்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மொதல் பையிலேயே எனக்குத் தெரியும் மைனி. எனக்க தையல எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே?"

"உங்க வீட்டுல இருந்துக்கிட்டு உங்களட்ட என்னண்ணு கேக்க? கண்ணுல பட்ட ஓட்டைய எல்லாம் மெழுகு தேச்சு, சூடு காட்டி அடச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடமாப் போவுமேண்ணு கதவச் சாத்திக்கிட்டேன். பிரிச்சது எல்லாம் எனக்குக் கண்ணுல ஆப்பிடல. ஆப்பிடாதது டீச்சருக்குப் போயிட்டு." மடித்த பையை மேசையில் வைத்துவிட்டு, "மெழுகக் காணலண்ணு தேடினியளே. அவ்வளவும் நீங்க குத்தின ஓட்டையிலதான் இருக்கு" என்றாள்.

மே 28, புதன்

காலைப் பஸ்ஸில் கருங்கலுக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தப் பெட்டியையும், ஜஸ்டஸின் சட்டைகளையும் கொண்டுபோனாள்.

மே 29, வியாழன்

வீடு அமைதியாக இருக்கிறது.

மே 30, வெள்ளி

இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

திருப்பி வந்த பைகளை எல்லாம் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நான் பிரித்தவற்றில் பெரும்பாலானதில் ஒரு புள்ளி வெளிச்சமும் இல்லை. ஓட்டை ஓட்டையாக மெழுகை விரல்நகத்தால் அழுத்தி அடைத்திருக்கிறாள். தையல் மட்டுமில்லை, அடி மடிப்புகளில்கூட எண்ணெய் கூட்டிய மெழுகு பூசியிருக்கிறது. நான் பிரிக்காத பைகளின் மடிப்பிலும்தான். அதை ஏன் செய்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒரு சந்தேகத்துக்கு இத்தனை பேரையும் இத்தனை துணியையும் பாழாக்கினேன். அவள் போய்விடுவாளோ என்று பயந்தேன். பயம் என்று இதுவரை நான் எழுதவில்லை, திருப்பிப் படித்துப் பார்த்தேன், எங்குமே இல்லை. பயம்தான்.

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் டீச்சரைத் தேடிப் போனேன். அன்றைக்கு நின்ற அதே சங்கத்துப் பெண்கள் இன்றைக்கும் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று கால் இழுத்தது. அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்.

"டீச்சர், பைகளப் பிரிச்சது பியூலா இல்ல, நான். அவ கெடுக்காண்ணு நெனச்சு நான்தான் கெடுத்தேன்."

ஒருத்தியும் உச்சுக்கொட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து, "அவளட்டச் சொன்னியளா லீலாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன எனக்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?" என்றார். மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. சரியாகத்தான் கேட்டார்.

ஜூன் 2, திங்கள்

பலாமரத்தடியில் நின்று போன் பண்ணினேன். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கிறது, அவள் சொன்னது உண்மைதான்.

"டீச்சர் சொன்னாவ" என்றாள் பியூலா.

"ம்."

கோழி ஒன்று காலைச் சுற்றி வந்தது.  பிறகு அவளே கேட்டாள். "மைனி, அந்த மொதல் கட்டு. கஞ்சி போகக் கழுவினியளா?"

"கழுவினேன்" என்றேன்.

 அவள் போனை வைக்கவில்லை.

"இல்ல" என்றேன். "மழையா இருந்துது. கழுவல."

"தெரியும் மைனி." சிரித்தாளா, மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. "பிரிக்காம இருக்குத ரெண்டாவது கட்டயாவது வெந்நியில ஊறப்போட்டு அலசிக் காயப்போடுங்க. காஞ்சதும் வாரேன். நீங்க மெழுகு போடுங்க, நான் தச்சுத் தந்துட்டுப் போறேன். டீச்சரட்டச் சொன்ன வாக்கு எனக்கதுதானே."

தைத்துத் தந்துவிட்டுப் போகிறேன் என்றாள். இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

துணியை மூன்று தண்ணீரில் அலசினேன். முதல் தண்ணீர் கொழகொழவென்று வெள்ளையாக இறங்கிற்று, சோறு வடித்த மாதிரி. இவ்வளவு கஞ்சியை வைத்துக்கொண்டுதான் தடவிப் பார்த்து இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பதினொரு மணிக்கெல்லாம் துணி அப்பளம்போல் காய்ந்துவிட்டது. மடித்து எடுத்து வைக்கலாம் என்று கொடிக்குப் போனபோது, கீழே சாலையில் கருங்கல் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது.

காய்ந்த துணி என்றால் இன்றைக்கே மெழுகு தேய்க்கலாம். நாளைக்குத் தைக்க ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பைகள் முடியும். திங்கட்கிழமை அவள் போய்விடுவாள். நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. துணியை உருவி, முழுவதையும் வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் திரும்பக் கொடியில் போட்டேன்.

பியூலா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் அதே பெட்டி. நேராகக் கொடிக்கு வந்து துணியைத் தொட்டாள். பிறகு வானத்தைப் பார்த்தாள், ஒரு மேகமும் இல்லை. என் புடவை முன்பக்கம் எல்லாம் நனைந்திருந்தது.

"இன்னும் காயலியா மைனி?"

"எங்க காயுது? மழைக்காலம் இல்லியா?" என்றேன்.

அவள் துணியின் ஒரு முனையைப் பிழிந்தாள். தண்ணீர் அவள் கால்மேல் ஒழுகிற்று. அந்தத் தண்ணீரை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். "கஞ்சி நல்லாப் போயிருக்கு" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அவள் ஜஸ்டஸின் சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

இதை எழுதும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் துணி மறுபடி காய்ந்துவிடும் போலிருக்கிறது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.